கை அசைந்ததும் உறைந்துபோன படம் குறித்து

(அமர்வு நீதிமன்ற உத்தரவின்படி சைபர் பிரிவு ஆய்வாளர் முன் கொடுக்கப்பட்டது. சாட்சிகளின் பாதுகாப்பு கருதிப் பெயர்களும் முகவரிகளும் மூடிய உறையில் தனியாக இணைக்கப்பட்டுள்ளன.)

வயது முப்பத்தாறு. பெண். திருமணமானவர். நீதிமன்ற வளாகத்தில் நெட்வொர்க் டெக்னீஷியன். அலுவலகத்தில் வழங்கும் பெயர் வயரம்மா.

நான் மேற்படி விவரங்களுக்கு உரியவள். கணவரோடும் மாமியாரோடும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் வசிக்கிறேன். நீதிமன்ற வளாகத்தின் கணினிகளையும் கேமராக்களையும் அவற்றை இணைக்கும் கம்பிகளையும் கவனிப்பது என் வேலை. நீதிமன்றத்துக்கு நேரில் வர முடியாத சாட்சிகள் வீட்டிலிருந்தபடியே சாட்சி சொல்வதற்காகக் கொடுக்கப்படும் ஃபயர்வால் பெட்டிகளும் எங்கள் பிரிவின் பொறுப்பில்தான் உள்ளன. இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட யாரையும் எனக்கு முன்பின் தெரியாது.

அந்தப் பெட்டி உள்ளங்கை அளவுதான் இருக்கும். காற்றாடி கிடையாது, சத்தம் கிடையாது, ஒரு சின்ன பல்பு எரிய ஆகும் மின்சாரமே அதற்குப் போதும். வீட்டு இணைய இணைப்புக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு வேண்டாதது எதையும் உள்ளே விடாமல் காவல் காப்பது அதன் முதல் வேலை. சாட்சியின் படமும் குரலும் சிறு சிறு பொட்டலங்களாக வரும்போது ஒவ்வொன்றையும் பூட்டி, விபிஎன் என்று சொல்லும் தனிப் பாதையில் நீதிமன்றத்துக்கு அனுப்புவது இரண்டாவது வேலை. நீதிமன்றத்தில் இருக்கும் பெரிய இயந்திரம் பூட்டைத் திறந்து படத்தைத் திரையில் காட்டும். வழியில் யார் எட்டிப் பார்த்தாலும் அர்த்தமில்லாத குப்பைதான் கிடைக்கும்.

வழக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீதிமன்றத்தில் காதில் விழுந்தவைதான். பெயின்டர்களான அண்ணன், தம்பி இருவர் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது தம்பி கீழே விழுந்து இறந்துபோனார். அதற்குச் சற்று முன்பு அண்ணன் தம்பியைப் பார்த்துக் கத்தியதையும், "சாவு, போய்ச் சாவு" என்று சொன்னதையும் தெருவில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்த ஒருவர், தம்பி விழுந்துகொண்டிருந்தபோது அண்ணனின் இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். தள்ளிவிட்டதாக இறந்தவரின் மனைவி புகார் கொடுக்க, அண்ணன் கைது செய்யப்பட்டார். கைதான நாள் முதல் அவர் போலீசாரிடமும் பேசவில்லை, தன் வழக்கறிஞரிடமும் பேசவில்லை.

தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் அந்தக் குறுகலான தெருவில் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரப் பெண். அவருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, கைகளால்தான் பேசுவார். அவர் நிறைமாதக் கர்ப்பிணி. இரத்தக் கொதிப்பு ஏறியிருந்ததால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். எனவே நீதிபதி அவரை வீட்டிலிருந்தே சாட்சி சொல்ல அனுமதித்தார். எங்கள் பிரிவு பெட்டியைக் கொண்டுபோய் மாட்டியது. கட்டிலில் சாய்ந்திருந்த அவருடைய முகம் நீதிமன்றத் திரையில் கண்ணாடி போல் தெளிவாகத் தெரிந்தது.

முதல் விசாரணை அன்று நான் நீதிமன்றத்தில் கருவிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சைகை மொழிபெயர்ப்பாளர் திரையைப் பார்த்து நின்றார். நடந்ததைச் சொல்லும்படி கேட்டதும் அந்தப் பெண் கைகளை உயர்த்தி முன்னால் நீட்டினார். படம் நின்றுவிட்டது. மறுபடி உயிர் வந்தபோது கைகள் மடியில் இருந்தன. நீதிபதி மீண்டும் சொல்லச் சொன்னார். அடுத்த முறையும் அப்படியே ஆயிற்று. சும்மா இருந்தால் தெளிவாகத் தெரிந்தார், பேசத் தொடங்கினால் உறைந்துபோனார்.

"என்ன சொல்றாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"ரெண்டு கையும் முன்னால நீண்டது தெரிஞ்சுதுங்க ஐயா. அப்புறம் படம் நின்னுடுச்சு. நடுவுல என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அரசு வழக்கறிஞர் எழுந்து, "ரெண்டு கையையும் முன்னால நீட்டினா தள்ளினதுதானே? கீழ இருந்து பார்த்தவரும் அதைத்தான் சொல்றார். இதுக்கு மேல மொழிபெயர்க்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அதற்கு மொழிபெயர்ப்பாளர், "கை எங்க நிக்குதுங்கிறது வார்த்தை இல்லீங்க. எப்படிப் போச்சுங்கிறதுதான் வார்த்தை. நான் பார்க்காததை என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகு அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

ஆணையர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிச் சாட்சியத்தைப் பதிவு செய்யலாமா என்று பேச்சு வந்தது. சாட்சி சொல்வதைத் தன் கட்சிக்காரரும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அது அவருடைய உரிமை என்று எதிரியான அண்ணனின் வழக்கறிஞர் மறுத்தார். வீடியோ எடுத்து அனுப்பினால் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. பிரசவமானால் அந்தப் பெண்ணை மறுபடி எப்போது விசாரிப்பது என்று தெரியாது, அதுவரை எதிரி சிறையிலேயே இருக்க வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு நீதிபதி அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்து, அதற்குள் படத்தைச் சரிசெய்ய வேண்டியது தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பு என்று உத்தரவிட்டார். பெரிய பெட்டி வாங்கலாம் என்றால் டெண்டர் விட்டு அது வந்து சேர்வதற்குள் குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும் என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொன்னார். அதன் பிறகு என்னை அந்த வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் கதவைத் திறந்தார். அவருக்குக் காது கேட்கும், பேச்சும் தாராளம். முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின் இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே கட்டிலை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் கைப்பிடிச் சுவர் கைக்கெட்டும் தூரம் போலத் தெரிந்தது. சுவரில் பாதிக்குத்தான் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் மூன்று தலையணைகளில் சாய்ந்துகொண்டு யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பெட்டி அலமாரியில், இஸ்திரி போட்ட துணிகளின் மேல் இருந்தது.

நான் மடிக்கணினியை எடுத்து வைப்பதற்குள் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார். புறங்கையைப் பெட்டியின் மேல் வைப்பது போல் காட்டினார், பிறகு அதே புறங்கையைத் தன் நெற்றியில் வைத்தார்.

"ஜுரம்ங்கிறா" என்றார் கணவர். "இவ சும்மா இருந்தா பெட்டி நல்லாத்தான் இருக்காம். இவ கையை ஆட்டிப் பேசினா அதுக்கு ஜுரம் ஏறிடுதாம். அன்னைக்கு கோர்ட்டு முடிஞ்சதும் தொட்டுப் பார்த்தாளாம்."

எனக்குக் கிடைத்த முதல் தடயம் அதுதான். அதைக் கேட்டதும் நான் இணையக் கம்பியைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டேன். அசையாத படத்தில் அனுப்புவதற்கு அதிகம் எதுவும் இல்லை. முன்பு அனுப்பியதையே வைத்துக்கொள் என்று சொன்னால் போதும். கை வேகமாக அசையும்போதுதான் ஒவ்வொரு கணமும் புதிய படம். பொட்டலங்கள் மளமளவென்று வந்து குவியும், எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். பூட்டி முடிக்காமல் பெட்டி திணறினால் மிச்சம் வாசலிலேயே விழுந்துவிடும்.

அதன் பிறகு நான் சோதனை செய்தேன். பூட்டு இல்லாமல் வெறும் சோதனைத் தகவலை அனுப்பினால் இணைப்பு நல்ல வேகத்தில் ஓடியது. விபிஎன் வழியாக அனுப்பினால் வேகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்தப் பெண்ணைக் கை அசைக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியின் உள் நிலவரத்தைத் திரையில் பார்த்தேன். அதன் பிராசசரில் நான்கு கோர்கள் உண்டு, அதாவது நான்கு வேலையாட்கள். அதில் ஒருவர் மூச்சு முட்ட உழைத்துக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் சும்மா இருந்தார்கள்.

"எங்க கடையிலயும் இதேதான்" என்றார் கணவர்.

காரணத்தை ஆய்வாளர் அவர்கள் விளங்கச் சொல்லும்படி கேட்டதால் சொல்கிறேன். நாங்கள் வைத்திருந்த பூட்டு ஏஇஎஸ் என்ற வகை. அது நல்ல பூட்டு, உலகம் முழுக்கப் புழங்குவது. பெரிய கணினிகளின் பிராசசரில் அந்தப் பூட்டுப் போடுவதற்கென்றே தனி உறுப்பு இருக்கும், அதனால் அவற்றுக்குச் சிரமம் தெரியாது. இந்தச் சிறு பெட்டியில் அந்த உறுப்பு கிடையாது. மெஷினில் தைக்க வேண்டியதைக் கையால் தைப்பது போல் அது ஒவ்வொரு பொட்டலத்தையும் பூட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு நாங்கள் போட்டிருந்த விபிஎன் மென்பொருள் பழைய வகை. வாசலில் வரும் பொட்டலத்தை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே பூட்டி, மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்து அனுப்பும். ஏறி இறங்குவதிலேயே பாதிச் சக்தி போய்விடும். ஒரே வேலையாளை வைத்துத்தான் அதற்கு ஓட்டவும் தெரியும்.

நான் பிரிவுத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன்.

"வேகம் வேணும்னு பூட்டை இளக்கிடாதம்மா. நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் கூண்டுல ஏத்திடுவாங்க" என்றார்.

"இளக்கல சார். வேற பூட்டு. கனம் அதேதான், போடற விதம் வேற. சாச்சான்னு ஒரு வகை இருக்கு, இந்த மாதிரி சின்னப் பெட்டிக்கு அது தோதா வரும். பொட்டலத்தை மாடிக்குத் தூக்காம வாசல்லயே வச்சுப் பூட்டற புது விபிஎன்னும் இந்தப் பெட்டியில ஏறும். நாலு கோருக்கும் வேலை பிரிச்சுக் கொடுக்கும்."

அவர் உடனே சரி சொல்லவில்லை. நீதிமன்றத் தகவல் பாதுகாப்பு விதிகளில் அனுமதிக்கப்பட்ட பூட்டு வகைகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து அவரே அழைத்து, அந்த வகை அனுமதிக்கப்பட்டதுதான் என்றும், நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டதாகவும், நீதிமன்ற முனையில் செய்ய வேண்டிய மாற்றத்தைத் தன் கையாலேயே செய்வதாகவும் தெரிவித்தார். அதன்படியே செய்தார். இந்த முனையில் நான் செய்தேன். இரு முனைக்கும் உரிய பூட்டுச் சாவிகள் இரண்டும் அப்போதுதான் புதிதாக உருவாக்கப்பட்டன. பெட்டியின் சாவி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

இவ்வளவும் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த கணவர், "சாச்சாவா? எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு சாச்சா இருக்கார். அவரும் ஆள் சின்னவர்தான், வேலையில படு சுறுசுறுப்பு" என்று மனைவியிடம் கையாலும் சொல்லிக் காட்டினார். அந்தப் பெண் சிரித்ததில் வயிறு குலுங்கியது. கணவர் பயந்துபோய் அவரைச் சாயச் சொன்னார்.

அதன் பிறகு மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் தொலைபேசியில் அவரோடு பேசியபடியே சோதித்தேன். அந்தப் பெண் கை அசைத்தார்.

"கை வருது" என்றார் அவர். "நிக்காம வருது. ஆனா விரல் வரல. விரல் வர்ற இடத்துல கலங்குது."

பெட்டியின் நிலவரத்தைப் பார்த்தேன். நான்கு கோர்களும் ஒத்தாசையாக ஓடிக்கொண்டிருந்தன, திணறல் இல்லை. பிறகு ஏன் கலங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கம்பிகளை மாற்றிப் பார்த்தேன், கேமராவை மாற்றிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எனக்குச் சாப்பாடு போடச் சொல்லிக் கணவரை விரட்டினார். தட்டை மடியில் வைத்துக்கொண்டே, போகிற பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பூட்டுப் போட்டதும் பொட்டலம் கொஞ்சம் பருத்துவிடுகிறது. பருத்த பொட்டலம் அந்தத் தெருவின் இணைப்பில் நுழையாமல் ஒவ்வொன்றும் இரண்டாக வெட்டுப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பொட்டலமும் வீண். பூட்டுக்கும் இடம் விட்டுப் பொட்டலத்தின் அளவைச் சற்றே குறைத்து வைத்தேன். அதற்குச் செய்தது ஒரு எண்ணை மாற்றியதுதான்.

அந்தப் பெண் மறுபடி கை அசைத்தார்.

"என்னங்க, வருதா?" என்று கேட்டேன்.

"வருதும்மா" என்றார். "சுண்டு விரல் நடுங்கறது வரைக்கும் வருது." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அவங்க சொல்றதை அப்படியே சொல்றேன். 'இவர் தலைமுடியை நல்லா வெட்டுவார். ஆனா இவர் வச்ச குழம்புல உப்பு இருந்ததா சரித்திரமே இல்ல. இன்னைக்கு டெக்னீஷியன் அக்கா பாவம், மரியாதைக்குச் சாப்பிட்டாங்க'ங்கிறாங்க" என்றார்.

கணவர் கேமராவைப் பார்த்து, "இதெல்லாம் கோர்ட்டுல பதிவாகுதா?" என்று கேட்டார்.

நான் எழுந்து பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். குழந்தையின் கை அளவுக்குத்தான் சூடு இருந்தது. இந்த வேலைக்கு வந்த காலம் முதல் எத்தனையோ பூட்டுகளைப் போட்டிருக்கிறேன், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றுதான் நின்று யோசித்தேன். இந்தப் புதிய பூட்டு செய்வது மூன்றே மூன்று காரியம். எண்களைக் கூட்டுகிறது, வட்டமாகச் சுழற்றுகிறது, ஒன்றோடொன்று கலக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் செய்யக்கூடிய கணக்கு. அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டால், இந்த உலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஆயுள் முழுவதும் முயன்றாலும் சாவி இல்லாமல் அதைத் திறக்க முடியாது. ஒரு பெண் கண் சிமிட்டும் நேரத்துக்குள் இந்தப் பெட்டி அந்தக் கணக்கை லட்சக்கணக்கான தடவை போட்டு, நகரத்தின் அந்தக் கோடியில் ஒருவருக்கு அவளுடைய சுண்டு விரலைக் காட்டிவிட்டது. அதுவும் இஸ்திரித் துணிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, சத்தம் இல்லாமல். எனக்குக் கை கூப்பலாம் போல் இருந்தது. வீட்டில் ஆட்கள் இருந்ததால் அப்படிச் செய்யவில்லை.

பூட்டை மாற்றியதால் யாராவது வழியில் புகுந்து படத்தை மாற்றியிருக்க முடியுமா என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். முடியாது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பூட்டோடு சேர்த்து ஒரு முத்திரை விழுகிறது. உள்ளே ஒரு புள்ளியை யாராவது தொட்டாலும் முத்திரை பொருந்தாது, நீதிமன்ற இயந்திரம் அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். விசாரணை அன்று அப்படி எறியப்பட்ட பொட்டலம் ஒன்றுகூட இல்லை என்பதற்கு நீதிமன்ற இயந்திரத்தின் பதிவு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பெட்டியின் காவல் வேலையையும் நான் நிறுத்தவில்லை. வேகத்துக்காக அதை நிறுத்துவது சுலபமான வழி, அந்த வழிக்கு நான் போகவில்லை. நானே படத்தை மாற்றினேனா என்று கேட்டதற்கும் இல்லை என்றே சொல்கிறேன். எனக்கு அந்தப் பெண்ணின் மொழியில் ஒரு வார்த்தை கூடத் தெரியாது.

அடுத்த விசாரணை அன்று நீதிமன்றத்தின் சார்பில் அந்த அறையில் இருக்கும்படி எனக்கு உத்தரவு. சாட்சிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நான் உறுதி கூற வேண்டும். கணவரைக் கீழே கடைக்கு அனுப்பிவிட்டேன். கேமராவுக்குப் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் முன்னால் இருந்த திரையில் நீதிமன்றம் முழுவதும் தெரிந்தது. நீதிபதி, வழக்கறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர், கூண்டில் எதிரியான அண்ணன், பின் வரிசையில் இறந்தவரின் மனைவி. அண்ணன் தலையைக் குனிந்தபடி நின்றார்.

நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பெண் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கையை உயர்த்தி அண்ணனையும், அதைவிடச் சற்றுத் தாழ்த்தித் தம்பியையும் காட்டினார். தாழ்ந்த கை சுவரின் மேல் ஏறி நின்றது. உயர்ந்த கைக்காரர் வாயை அகலத் திறந்து ஏதோ சொல்கிறார். சொல்லிக்கொண்டே இடுப்பைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். பிறகு இடுப்பில் முடிச்சுப் போடுவது போல் செய்கிறார்.

"அண்ணன் கத்துறார். இடுப்புல கயிறு கட்டுன்னு காட்டுறார். தம்பி வேணாங்கிறார், சிரிக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் மொழிபெயர்ப்பாளரின் குரல் வந்தது.

அரசு வழக்கறிஞர் குறுக்கிட்டு, "அவர் என்ன வார்த்தை சொன்னார்னு சாட்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைக் கையால் சொன்னார். அந்தப் பெண் காதைத் தொட்டு, இல்லை என்று தலையசைத்தார்.

"'வார்த்தை எனக்குக் கேக்காது. இடுப்பைக் காட்டினதைப் பார்த்தேன்'ங்கிறாங்க."

நீதிபதி குனிந்து எழுதினார். கூண்டில் இருந்தவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

அதன் பிறகு அந்தப் பெண் சொன்னதை நான் நேரில், ஓர் ஆள் தூரத்தில் இருந்து பார்த்தேன். தம்பியின் கால் சறுக்குகிறது. அண்ணன் பிரஷ்ஷை வீசி எறிகிறார். இரண்டு கைகளும் முன்னால் பாய்கின்றன. முதல் விசாரணையில் படம் நின்றுபோனது இந்த இடத்தில்தான். இப்போது நிற்கவில்லை. முன்னால் போன வலது கை வெறும் காற்றில் நிற்காமல் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்தது. பிடித்த கை நெஞ்சை நோக்கி வந்தது. அந்தப் பெண் உடம்போடு பின்னால் சாய்ந்து இழுத்தார். மறுபடி இழுத்தார். முகம் சிவந்து கழுத்து நரம்பு தெரிந்தது. நான் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன், அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அதன் பிறகு பிடி வழுக்கத் தொடங்கியது. மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு, உள்ளங்கையிலிருந்து விரல்களுக்கு. பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை இழந்தன. கடைசியில் வலது கை முன்னால் நீண்டபடியே, விரிந்தபடியே நின்றது. அதில் எதுவும் இல்லை.

திரையில் மொழிபெயர்ப்பாளரின் குரல் அந்தப் பெண்ணின் கைகளை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. "பிடிச்சுட்டார். இழுக்கிறார். இழுக்கிறார். கையெல்லாம் பெயின்ட். வழுக்குது. இழுக்கிறார். வழுக்குது."

நான் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு பெண்ணின் விரல்கள், அந்தப் பக்கம் ஒரு மனிதனின் உயிர், நடுவில் இது. இதை இந்த அளவுக்குச் சின்னதாகச் செய்த மனிதர்கள் யாரோ, எந்த ஊரிலோ, இது இதற்கெல்லாம் உதவும் என்று நினைத்திருப்பார்களா என்று தோன்றியது. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லாதது என்றால் நீக்கிவிடலாம் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

அதன் பிறகு குறுக்கு விசாரணை நடந்தது. தள்ளியதைத்தான் இழுத்ததாக மாற்றிச் சொல்கிறாரா என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். தள்ளுவதையும் இழுப்பதையும் தனித்தனியாகக் காட்டும்படி நீதிபதி சொன்னார். அந்தப் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் வெளியே பார்க்க வைத்துத் தள்ளிக் காட்டினார், பிறகு பிடித்து இழுத்துக் காட்டினார். எனக்கு மொழி தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரிந்தது. நீதிபதி இன்னொரு முறை காட்டச் சொல்லவில்லை. அரசு வழக்கறிஞர், விபிஎன் மாற்றப்பட்டது குறித்துத் தனியாக மனு போடுவதாகச் சொல்லி உட்கார்ந்தார். அது அவருடைய கடமை, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சாட்சியை அனுப்பலாம் என்று நீதிபதி சொன்ன நேரத்தில்தான் அது நடந்தது. கூண்டில் நின்ற அண்ணன் தன் வலது கையை உயர்த்தி, இடது மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பெண் செய்தது போலவே செய்தார். பிறகு பிடித்த கையைச் சட்டென்று விரித்துவிட்டு, திரையைப் பார்த்தபடி நின்றார். தான் கைவிட்டுவிட்டதாக அவர் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது. அந்த முகத்தை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. காவலர்கள் அவரைத் தடுக்கவில்லை.

அந்தப் பெண் திரைக்கு அருகில் வருவதற்காகக் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தார். நான் தோளைத் தொட்டு இறங்க வேண்டாம் என்று தடுத்தேன். அவர் திரையில் தெரிந்த அண்ணனைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். பிறகு கைகளால் மெதுவாக, எழுத்துக் கூட்டிச் சொல்வது போல் ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்காமல் நீதிபதியைப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"இது சாட்சியம் இல்லீங்க ஐயா. அவர்கிட்ட மட்டும் சொல்றாங்க."

"பரவாயில்ல. சொல்லுங்க."

"'நீங்க விடல. நழுவிடுச்சு. கடைசி விரல் வரைக்கும் நீங்க விடல. நான் பார்த்தேன்'ங்கிறாங்க."

அண்ணன் கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பின் வரிசையில் இறந்தவரின் மனைவி எழுந்து நின்றிருந்தார். அவர் எப்போது எழுந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் கூண்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார். அவ்வளவு நேரமும் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பெட்டியை யாரும் தொடாதபடி அங்கேயே வைத்து, அறையைப் பற்றிய உறுதிச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் திரும்பினேன். அந்த வாரமே தையல்காரப் பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிரசவமாகித் தாயும் மகளும் நலம் என்று அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னார். அதற்கு மறுநாள் எதிரிக்கு ஜாமீன் வழங்கப்பட்டது. உறவினர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிபதி கேட்டிருந்தார். பதிவாளர் அலுவலகத்தில் பழுதான ஒரு பிரிண்டரைப் பார்க்க அன்று நான் போயிருந்தேன். தம்பியின் சாவுக்காக அவர் மேல் புகார் கொடுத்த வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று எழுத்தர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது இறந்தவரின் மனைவி தனியாக வந்து, மேசைக்கு முன்னால் நின்று, "மூத்தாருக்கு நான் கையெழுத்துப் போடறேன். எங்க போடணும்?" என்று கேட்டார்.

இதுவரை எழுதப்பட்டதை ஆய்வாளர் எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். நான் கண்டதும் செய்ததும் சொன்னதும் இதில் உள்ளபடியே நடந்தவை. யாரும் சொல்லிக் கொடுத்தோ பயமுறுத்தியோ நான் எதையும் கூறவில்லை. சேர்க்க வேண்டியதோ எடுக்க வேண்டியதோ இதில் ஏதும் இல்லை என்று உறுதி கூறி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
நெட்வொர்க் டெக்னீஷியன்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
ஆய்வாளர், சைபர் பிரிவு